வச்சலாவின் கைநாட்டு

செங்கல்பட்டு
6-2-1978

அன்பான அக்காவுக்கு,

சாந்தா எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். நீயும் மாமாவும் ஜெகதாம்பாள் அத்தையும் எப்படி இருக்கிறீர்கள்? கடல் இப்போது எப்படி? மீன் பாடு கிடைக்கிறதா?

போன வாரம் மாமா வலை நூல் வாங்கச் செங்கல்பட்டு வந்தபோது என்னைப் பார்க்க வந்தார். நீ முழுகாமல் இருக்கிறாய், நாலாவது மாதம் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. முதலில் கோபம் வந்தது. பிறகு புரிந்தது. முன்னே இரண்டும் மூன்று மாதம்கூடத் தங்கவில்லை. வாய்விட்டுச் சொல்லவே பயந்திருப்பாய்.

இந்தத் தடவை பயப்படாதே. எங்கள் நர்ஸிங் ஹோமுக்கு ஒரு புது மெஷின் வந்திருக்கிறது. டாக்டரம்மா லண்டனில் படித்தபோது பழகியதாம், சொந்த முயற்சியில் வரவழைத்திருக்கிறார். எக்ஸ்ரே இல்லை. காதுக்குக் கேட்காத ஒரு சத்தத்தை வயிற்றுக்குள் அனுப்பும். அது திரும்பி வருவதை வைத்து உள்ளே பிள்ளை எப்படி இருக்கிறது என்று ஒரு பெட்டியில் காட்டும். இந்தப் பக்கத்தில் வேறு எங்கும் இது இல்லை. டாக்டரம்மாவுக்கு நூறு கர்ப்பிணிகள் வேண்டும். மாதம் ஒரு தடவை பார்த்து, வளர்ச்சியை எழுதி வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறார். கடலோரத்துப் பெண்களாக இருந்தால் நல்லது என்றார். நான் உன் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். இங்கிலீஷில் இருக்கும். எல்லாரும் போடுவதுதான், யோசிக்காதே. வரும் வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வா. திருக்கழுக்குன்றத்தில் இறங்கி எதையாவது சாப்பிட்டுவிட்டு வா. வந்ததும் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். ஒன்றுக்குப் போகாமல் அடக்கிக்கொண்டிருக்க வேண்டும், அப்போதுதான் படம் தெளிவாக விழும். சிரிக்காதே, நிஜமாகத்தான்.

உன்னைப் பார்க்கக் காத்திருக்கும் தங்கை,
சாந்தா

*

மாமல்லபுரம் குப்பம்
27-2-1978

என் செல்லத் தங்கை சாந்தாவுக்கு, அக்கா வச்சலா எழுதும் கடிதம். இங்கே எல்லாரும் சௌக்கியம். உனக்கு இருமல் நின்றதா? நைட் டூட்டிக்குப் போகும்போது காதைக் கட்டிக்கொண்டு போ.

நான் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். இரண்டு வாரமாக ஊர் முழுக்க என் கதைதான். பெட்டியில் பிள்ளையைப் பார்த்தேன் என்றால் யாரும் நம்பவில்லை. பக்கத்து வீட்டுப் பூவாயி மட்டும், "மூஞ்சி யார் மாதிரி கீது?" என்று கேட்டாள். நான் என்ன சொல்ல? எனக்கு வெள்ளை வெள்ளையாகப் புள்ளிதான் தெரிந்தது. நீ விரலை வைத்துக் காட்டியபோது ஒரு இடம் மட்டும் விட்டுவிட்டுத் துடித்தது. அதுதான் இருதயம் என்றாயே, அதையே நினைத்துக்கொண்டு படுக்கிறேன். வயிற்றில் தடவிய எண்ணெய் இரண்டு நாள் போகவில்லை. போகாமல் இருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

உன்னிடம் சொல்ல மறந்துவிட்டேன். கையெழுத்து வாங்குகிற தாமோதரன் இருக்கிறாரே, அவர் மைப் பெட்டியைத் திறந்து என் பக்கம் தள்ளினார். நான் பேனா கேட்டேன். "உனக்கு எழுத வருமா? உங்க பக்கத்திலிருந்து வர்றவங்க எல்லாம் கைநாட்டுத்தான்" என்றார். எட்டாவது பாஸ் என்றேன். கா. வச்சலா என்று கொட்டை எழுத்தில் போட்டேன். "இன்னா எழுதிகீது இதுல?" என்று கேட்டதற்கு, "அதெல்லாம் மெஷினுக்கும்மா, போ போ" என்றார். நீ உள்ளே இருக்கும்போது எனக்கு என்ன கவலை?

அவர்கள் கொடுத்த பால் பவுடர் டப்பாவை உன் மாமா அலமாரியில் வைத்திருக்கிறார், பிள்ளை பிறந்த பிறகு திறக்கலாம் என்று. பைத்தியம். அது எனக்குக் கொடுத்தது.

உடம்பைப் பார்த்துக்கொள். அத்தை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள்.

உன் அக்கா,
வச்சலா

*

மாமல்லபுரம் குப்பம்
21-4-1978

அன்புத் தங்கைக்கு அக்காவின் ஆசீர்வாதம். நான் நலம். உன் நலத்தை எழுது. உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

ஆறாவது மாதம் முடியப்போகிறது. பிள்ளை உதைக்கிறது சாந்தா. அடுப்பு முன்னால் குந்தினால் போதும், சூடு பிடிக்காதோ என்னவோ, விலாவில் ஒரு உதை. உன் மாமா கையை வைத்துப் பார்த்துவிட்டு, "கடலுக்குப் போற பையன்தான், துடுப்பு போடறான்" என்கிறார். பெண்ணாக இருந்தாலும் துடுப்பு போடட்டும் என்றேன்.

ஒன்று கேட்கிறேன். மாதம் ஒரு தடவை என்றுதானே சொன்னாய்? மார்ச்சில் இரண்டு தடவை கூப்பிட்டார்கள், இந்த மாதமும் இரண்டு தடவை. போன தடவை மெட்ராஸிலிருந்து வேறு இரண்டு டாக்டர்கள் வந்து நின்றுகொண்டு இங்கிலீஷில் பேசினார்கள். முன்பெல்லாம் பெட்டியை என் பக்கம் திருப்பிக் காட்டுவார்கள், இப்போது திருப்புவதில்லை. "இன்னா டாக்டரம்மா, புள்ள நல்லா கீதா?" என்று கேட்டேன். "நல்லா வளருது" என்றார்கள். வளருகிறது என்றால் நல்லதுதானே? நீ ஏன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாய்? சாப்பிட்டாயா என்று கேட்டதற்குக்கூடப் பதில் சொல்லவில்லை. உனக்கு அங்கே ஏதாவது தொந்தரவா? யாராவது திட்டினார்களா? எழுது.

அக்கா,
வச்சலா

*

செங்கல்பட்டு
8-5-1978

அன்புள்ள அக்கா,

நான் நலம். இந்தக் கடிதம் கிடைத்ததும் மாமாவோடு கிளம்பி வா. நாலைந்து நாள் தங்குகிற மாதிரி துணி எடுத்துக்கொள். பனிக்குடத்தில் தண்ணீர் வற்றியிருக்கிறது, அதனால் முன்னாலேயே வலி வரவைக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்கிறார். பயப்பட ஒன்றுமில்லை. நான் கூடவே இருப்பேன்.

முதலில் மாமா மட்டும் வந்து டாக்டரம்மாவைப் பார்க்கட்டும். நீ வெளி பெஞ்சில் உட்கார்.

சாந்தா

*

மாமல்லபுரம் குப்பம்
12-6-1978

அன்புத் தங்கை சாந்தாவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

ஊருக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. பால் கட்டிக்கொண்டு ஜுரம் வந்தது. அத்தை மல்லிகைப் பூவை அரைத்துக் கட்டினார்கள். இப்போது நின்றுவிட்டது. கட்டியது வலித்தது, நின்றது அதைவிட வலிக்கிறது.

உன்னைக் குறை சொல்லவில்லை. என்னோடு மூன்று நாள் தூங்காமல் இருந்தாய். ஆனால் கேட்க நிறைய இருக்கிறது, அங்கே கேட்க வாய் வரவில்லை. உன் மாமாவைக் கேட்டால் எழுந்து கடற்கரைக்குப் போய்விடுகிறார். பையனா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. செத்துப் பிறந்தது என்றீர்கள். சரி. செத்த பிள்ளையைத் தாயிடம் காட்டக் கூடாது என்று எந்த ஊரில் வழக்கம்? இங்கே கடலில் போனவர்களை நாலு நாள் கழித்து ஒதுங்கினாலும் முகம் பார்த்துத்தான் அனுப்புகிறோம். எங்கே வைத்தீர்கள்?

வலி வந்த அன்றைக்குக் காலையிலும் அது உதைத்தது. நான் எண்ணினேன். எப்போது செத்தது?

அந்த மெஷினா? ஆறு தடவை வயிற்றில் வைத்துத் தேய்த்தார்களே, அந்தச் சத்தம் பிள்ளைக்குத் தாங்கவில்லையோ? நமக்குக் கேட்காத சத்தம் என்றாய். உள்ளே இருந்ததற்குக் கேட்டிருக்குமோ? நானே பஸ் ஏறிப் போய்ப் போய்க் கொன்றுவிட்டேனோ?

இன்னொன்று. தொப்புளுக்குக் கீழே ஒரு தையல் இருக்கிறது. இரண்டு விரல் அகலம். பிள்ளை கீழே வந்தது எனக்கே தெரியும், பிறகு இது எதற்கு? ஊசி போட்டபின் எனக்கு ஒன்றும் நினைவில்லை.

பதில் போடு சாந்தா.

வச்சலா

*

செங்கல்பட்டு
4-7-1978

அன்பான அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் கிடைத்தது. இங்கே வேலை அதிகம், இரண்டு நர்ஸ்கள் லீவில் போய்விட்டார்கள், அதனால்தான் தாமதம்.

மெஷினால் ஒன்றும் ஆகவில்லை. அது சத்தியம். அந்த எண்ணத்தை விட்டுவிடு. நீ யாரையும் கொல்லவில்லை.

பெண் குழந்தை.

தையல் பற்றிக் கவலைப்படாதே. உள்ளே கொஞ்சம் தங்கிவிட்டது, அதை எடுத்தார்கள். ஆறிவிடும். கனமான கூடை தூக்காதே. முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் சாப்பிடு. மாமாவிடம் ஒரு டானிக் பாட்டில் கொடுத்தனுப்புகிறேன், சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு ஸ்பூன். இங்கே மழை இல்லை, வெயில் தாங்கவில்லை. அங்கே காற்றாவது வருமே. அத்தைக்குக் கால் வீக்கம் குறைந்ததா?

அன்புடன்,
சாந்தா

*

மாமல்லபுரம் குப்பம்
16-10-1978

தங்கை சாந்தாவுக்கு அக்கா எழுதுவது. எல்லாரும் சுகம். அத்தைக்கு வீக்கம் வடிந்துவிட்டது. நீ அனுப்பிய டானிக் பாட்டில் தீர்ந்து இன்னொன்றும் வாங்கிக் குடித்துவிட்டேன்.

பெண் என்று ஒரு வரி எழுதினாய். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று உனக்குத் தெரியாது. மற்றதை நீ எழுதவில்லை. எழுத முடியாததாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்டிலிருந்து மாதாமாதம் தள்ளாமல் வருகிறது. ஒழுங்காக வந்தால் கர்ப்பப்பை நல்லபடியாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? திருக்கழுக்குன்றம் மலை ஏறிவிட்டு வந்தேன். கெங்கையம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன். செவ்வாய் வெள்ளி உப்பில்லாமல் சாப்பிடுகிறேன். இந்தத் தடவை மெஷின் கிட்டேயே போக மாட்டேன், நீ கோபித்துக்கொண்டாலும் சரி.

அத்தை ஒரு மாதிரி பேசத் தொடங்கிவிட்டார்கள். ஆறு வருஷம், மூன்று பிள்ளை போய்விட்டது, என் மகனுக்குக் கொள்ளி வைக்க ஆள் வேண்டாமா என்று குழாயடியில் சொல்கிறார்கள், என் காதில் விழட்டும் என்றே. உன் மாமா ஒரு வார்த்தை தடுப்பதில்லை. நான் அமாவாசை விரதம், அம்மன் கோயில் என்று பேச ஆரம்பித்தால் முகம் கறுத்துப்போகிறது. "இன்னாத்துக்கு இந்த வெரதம் எல்லாம், வுடு வச்சலா, வயிறு காய்ஞ்சிகினு" என்கிறார். அவருக்குப் பிள்ளை ஆசை விட்டுப்போயிற்றோ? என் மேல் ஆசை விட்டுப்போயிற்றோ?

சீக்கிரம் உண்டாவதற்கு உங்கள் ஆஸ்பத்திரியில் மாத்திரை இருக்குமே? வாங்கி அனுப்பு. கூச்சமில்லாமல் உன்னிடம்தான் கேட்க முடியும்.

உன் அக்கா,
வச்சலா

*

செங்கல்பட்டு
20-11-1978

அன்புள்ள அக்கா,

நலம். மாத்திரை இத்துடன் பூவாயி மகளிடம் அனுப்புகிறேன். சிவப்பு மாத்திரை, தினம் ஒன்று. இரத்தத்துக்கு நல்லது. அவசரப்படாதே, உடம்பு தேற வேண்டும், ஒரு வருஷமாவது ஆகட்டும். விரதம் இருக்காதே அக்கா. தயவுசெய்து விரதம் இருக்காதே.

தீபாவளிக்கு வர முடியவில்லை. பொங்கலுக்கும் லீவு கிடைக்காது என்று நினைக்கிறேன்.

சாந்தா

*

மாமல்லபுரம் குப்பம்
9-2-1979

சாந்தாவுக்கு,

நேற்றுக் காலை கிணற்றடியில் நானும் பூவாயியும் குளித்துக்கொண்டிருந்தோம். சேலையை மாற்றும்போது அவள் என் வயிற்றையே பார்த்தாள். "இன்னா வச்சலா, நீயும் பண்ணிகினியா? சொல்லவே இல்ல" என்றாள்.

"இன்னாத்த பண்ணிகினேன்?" என்றேன்.

அவள் தன் பாவாடையைக் கொஞ்சம் இறக்கிக் காட்டினாள். மூன்று வருஷத்துக்கு முன்னே பள்ளிக்கூடத்தில் கேம்ப் போட்டார்களே, நாலு பிள்ளைக்கு அப்புறம் போதும் என்று போய்ப் படுத்தாளே, அந்தத் தையல். தொப்புளுக்குக் கீழே. இரண்டு விரல் அகலம். "எனக்கும் இதே எடத்துலதான் கீது, பாரு" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் ஈரத்தோடு அங்கேயே நின்றேன்.

டானிக் வேண்டாம். மாத்திரை வேண்டாம். முருங்கைக்கீரை பற்றி எழுதாதே. எனக்கு என்ன செய்தீர்கள்? அதை மட்டும் எழுது.

வச்சலா

*

செங்கல்பட்டு
3-3-1979

அக்கா,

நலம் கேட்க எனக்கு முகம் இல்லை. இதை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இந்தத் தடவை கிழிக்காமல் தபாலில் போட்டுவிடுகிறேன்.

குழந்தைக்கு மண்டை ஓடு உருவாகவில்லை. முகம் இருந்தது, கை கால் எல்லாம் இருந்தது, புருவத்துக்கு மேலே இல்லை. பிறந்தாலும் பிழைக்காது. யார் செய்த தப்பும் இல்லை, சில பேருக்கு அப்படி ஆகும். டாக்டரம்மாவுக்கு மார்ச் மாதமே சந்தேகம். இன்னும் சில தடவை பார்த்து உறுதி பண்ணலாம் என்றார். படம் வேண்டும் என்பதும் இருந்தது, இந்த மாதிரி இங்கே யாரும் எடுத்ததில்லை என்று மெட்ராஸ் டாக்டர்களிடம் சொன்னார். ஏப்ரலில் எனக்குத் தெரியும். நான் ஜன்னலைப் பார்த்தது அதனால்தான்.

மே மாதம் நீ வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது உள்ளே மாமாவுக்குச் சொன்னார். மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "இவளுக்கு அடுத்ததும் இப்படித்தான் ஆகும். ஒவ்வொரு தடவையும் இவள் உயிருக்கும் ஆபத்து. இதோடு நிறுத்திவிடுவது நல்லது, ஒரே படுக்கையில் முடித்துவிடலாம்" என்றார். மாமா என் பக்கம் திரும்பி, "இன்னா சாந்தா, படிச்சவங்க சொல்றாங்க, நமக்கு இன்னா தெரியும்? அவ உசுரு இருந்தா போதும்" என்றார். அழுதார் அக்கா. "அவ கைல சொல்ல வாணாமா?" என்றும் கேட்டார். டாக்டரம்மா, "சொன்னால் தாங்க மாட்டாள், பைத்தியம் பிடித்துவிடும். நீங்கள் புருஷன், நீங்கள் சொன்னால் போதும்" என்றார். மாமா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

குழந்தை செத்துப் பிறக்கவில்லை. மூச்சு இருந்தது. பத்து நிமிஷம் இருக்கலாம், கூடவும் இருக்கலாம். துணியில் சுற்றி நான் கையில் வைத்திருந்தேன். நீ நாலடி தூரத்தில் கண்ணை மூடிக்கொண்டு, "அழலியே, அழலியே" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் ஆபரேஷன். குடும்பக் கட்டுப்பாட்டுத் தாளில் புருஷன் கைநாட்டோடு பெண்சாதியுடையதும் வேண்டும். அந்தத் தாள் தமிழில் இருந்தது. உன்னிடம் கொடுத்தால் நீ படித்துவிடுவாய். ஊசி போட்டு நீ மயங்கிய பிறகு, தாமோதரன் மைப் பெட்டியைக் கொண்டுவந்தார். உன் இடது கைப் பெருவிரலைப் பிடித்து வைத்தது நான். பிறகு ஸ்பிரிட் போட்டுத் துடைத்ததும் நான். நீ விழித்தபோது விரலில் மை இருக்கக் கூடாது என்று நகக்கண் வரைக்கும் துடைத்தேன்.

உன் தலையில் மீன் கூடை ஏறித்தான் எனக்கு இந்த வெள்ளை உடுப்பு வந்தது. வேலை போய்விடும் என்று பயந்து செய்தேன் என்று எழுதலாம். அது பாதிதான். மீதிப் பாதி, எனக்கும் அது சரி என்றே பட்டது. உனக்குத் தெரியாமல் இருந்தால் உனக்கு வலிக்காது என்று நினைத்தேன்.

இதையும் எழுதிவிடுகிறேன். ஜனவரியில் ஜானகிராமன் என்று ஒரு சின்ன டாக்டர் இங்கே வேலைக்கு வந்தார். யாருக்கோ கேட்பது போல அவரிடம் கேட்டேன். ஒரு பிள்ளை இப்படி ஆனால் அடுத்ததும் ஆகுமா என்று. நூறு பேரில் நாலைந்து பேருக்கு ஆகலாம், மற்றவர்களுக்கு நல்லபடியாகத்தான் பிறக்கும் என்றார். புத்தகத்தைத் திறந்தும் காட்டினார்.

உன் ஃபைலில் மெஷின் எடுத்த படம் ஒன்று இருந்தது. கேட்காமல் எடுத்தேன். இத்துடன் வைத்திருக்கிறேன்.

சாந்தா

*

செங்கல்பட்டு
22-4-1979

அன்புள்ள அக்காவுக்கு,

ஏழு வாரமாகப் பதில் இல்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு கார்டில் ஒரு வரி போட்டால் போதும். போன ஞாயிறு பஸ் ஏறி மாமல்லபுரம் வரைக்கும் வந்தேன். இறங்கி, குப்பத்துக்குப் போகிற மணல் பாதையில் பாதி தூரம் நடந்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஜானகிராமன் டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். கட்டிய குழாயைத் திரும்ப இணைக்கிற ஆபரேஷன் மெட்ராஸில் செய்கிறார்களாம். பத்தில் மூன்று பேருக்குப் பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம், வயிற்றை முழுதாகத் திறக்க வேண்டும் என்றார். உனக்கு விருப்பமா? நீ சொன்னால் ஏற்பாடு செய்கிறேன். நீ வேண்டாம் என்றால் வேண்டாம்.

என்னை மன்னிப்பாயா?

சாந்தா

*

மாமல்லபுரம் குப்பம்
17-6-1979

சாந்தாவுக்கு,

உடம்பு எப்படி என்று கேட்டிருந்தாய். உடம்பு நன்றாக இருக்கிறது.

உன் மார்ச் மாதக் கடிதத்தை உன் மாமா முன்னால் வைத்துப் படித்தேன். அவர் வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். படித்து முடிக்கும்வரை தலை நிமிரவில்லை.

"என் கைல இன்னாத்துக்கு சொல்லல?" என்றேன்.

"நீ ஒத்துக்க மாட்டேன்னு நெனச்சேன்."

"ஒத்துக்க மாட்டேன்னு தெரிஞ்சுதான் கேக்கலியா?"

"நீ செத்துப் பூட்டா நான் இன்னா பண்ணுவேன் வச்சலா" என்று அழுதார். நல்ல மனுஷன்தான். அதனால்தான் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை செங்கல்பட்டு வந்தேன். நீ அன்றைக்கு மெட்ராஸுக்கு மருந்து வாங்கப் போயிருந்தாய் என்றார்கள். நல்லதாகப் போயிற்று. டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர்களுக்கு முதலில் என்னை அடையாளம் தெரியவில்லை. வயிற்றைத் திறந்து தையலைக் காட்டினேன், பிறகு தெரிந்தது. உட்காரச் சொல்லி, காப்பி கொண்டுவரச் சொன்னார்கள். "எல்லாம் உன் நல்லதுக்குத்தான் வச்சலா. அன்னைக்குச் சொல்லியிருந்தா நீ தாங்கியிருக்க மாட்டே" என்றார்கள்.

"இப்ப தாங்கிகினுதானே கீறேன்?" என்றேன்.

காப்பி வந்தது. நான் குடிக்கவில்லை. என் பிள்ளையை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். வாட்ச்மேனைக் கேள் என்றார்கள். அவர் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். பம்ப்செட் ரூம் ஓரமாக ஓர் இடத்தைக் காட்டி, "இங்கதாம்மா எங்கியோ. நம்ம ஆளு யாராவது தோண்டியிருப்பான்" என்றார். அங்கே இப்போது சிமெண்ட் போட்டிருக்கிறார்கள். சைக்கிள் நிறுத்துகிற இடம். அதன் மேல் இரண்டு சைக்கிள் நின்றன. நான் கொஞ்ச நேரம் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தேன். ஒருவர் வந்து மணி அடித்தார், சைக்கிளை எடுக்க வழி விடச் சொல்லி. எழுந்துவிட்டேன்.

நீ அனுப்பிய படம் இருக்கிறது. எந்தப் பக்கம் மேலே என்று தெரியவில்லை. நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன். யாரிடமும் காட்டவில்லை.

அத்தையிடம் நானே சொல்லிவிட்டேன், எனக்கு இனிமேல் பிள்ளை வராது என்று. ஏன் என்று சொன்னேன். மகன்தான் கைநாட்டு வைத்தான் என்றும் சொன்னேன். இரண்டு நாள் அடுப்பே மூட்டவில்லை. மூன்றாம் நாள் கொக்கிலமேட்டுக்குப் போய்ப் பெண் பார்த்துவிட்டு வந்தார்கள். அம்சா என்று பேர். பத்தொன்பது வயசாம். உன் மாமா வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்லவில்லை. ஆவணியில் வைத்திருக்கிறார்கள். "நீ இன்னா சொல்ற?" என்று என்னை அத்தை கேட்டார்கள், எல்லாம் பேசி முடித்த பிறகு. நான் சிரித்துவிட்டேன்.

நான் திருக்கழுக்குன்றத்தில் ஓர் அறை பார்த்திருக்கிறேன். கருவாடு எடுத்துப்போய் விற்கப் போகிறேன். உன்னோடு வந்து இருக்கச் சொல்லி எழுதாதே. அங்கே வந்து பார்க்கவும் வேண்டாம், இப்போதைக்கு.

மெட்ராஸ் ஆபரேஷனுக்கு விருப்பமா என்று கேட்டிருந்தாய். இதையாவது கேட்டாயே. எனக்கு வேண்டாம். அந்த மாதிரி மேஜையில் இனி நான் படுக்க மாட்டேன்.

அம்சாவுக்கு நாளைக்குப் பிள்ளை உண்டானால் உங்களிடம்தான் கூட்டிக்கொண்டு வருவார்கள். வேறு எங்கே போவார்கள்? அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாதாம். எது இருந்தாலும், எவ்வளவு மோசமாக இருந்தாலும், பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துச் சொல். அவள் கத்தினால் கத்தட்டும். மயக்க ஊசிக்கு முன்னே சொல்.

மன்னிப்பாயா என்று கேட்டிருந்தாய். யோசித்துப் பார்த்தேன். அதைவிட ஒன்றுதான் மனதில் சுற்றுகிறது. பிள்ளைக்குத் தலை இல்லை, பிழைக்காது என்று பெஞ்சில் வைத்தே நீ சொல்லியிருந்தால், நான் சரி, எடுத்துவிடுங்கள் என்றே சொல்லியிருக்கலாம். இல்லை, பத்து நிமிஷமானாலும் என் கையில் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். இனிமேல் பிள்ளையே வேண்டாம் என்றும் சொல்லியிருக்கலாம். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று தினமும் யோசிக்கிறேன் சாந்தா. எனக்கே தெரியவில்லை. இனிமேல் தெரியவும் போவதில்லை.

வச்சலா